நான்கு வருஷமாக ஃபேமிலிசர்ச்: கேரலைன் குயினரைத் தேடிப்போன அனுபவம்

குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தேடும் தளமான ஃபேமிலிசர்ச்சில் கணக்குத் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது, பெரும்பாலும் ஒரே பெண்ணைத்தான் தேடியிருக்கிறேன். கேரலைன் குயினர். 1839 டிசம்பரில் விஸ்கான்சினில் புரூக்ஃபீல்டு பக்கம் பிறந்து, சார்ல்ஸ் இங்கல்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, கான்சாஸ், மின்னசோட்டா, அயோவா என்று வண்டி கட்டிப் போய்க்கொண்டே இருந்து, 1924-ல் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட்டில் இறந்தவர். மகள் லாரா எழுத்தாளரானதால் அம்மாவின் பெயரும் நிலைத்தது. ஆனால் ஆவணங்களில் அந்த அம்மாவைப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதுவார்கள், மற்றவர்கள் எல்லாம் வயதுவாரியாக வெறும் எண்கள். 1840-ல் கைக்குழந்தையாக இருந்த கேரலைனும் அப்படி ஒரு எண்தான். ஐந்து வயதில் அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பல் விபத்தில் போய்விட்டார். 1849-ல் அம்மா ஃபிரெடரிக் ஹோல்புரூக்கை மறுமணம் செய்துகொண்டார், அதனால் அதற்குப் பிறகு குயினர் என்று மட்டும் தேடினால் போதாது, ஹோல்புரூக் வீட்டையும் பார்க்க வேண்டும். 1860 பிப்ரவரியில் கல்யாணம், மறுபடி பெயர் மாற்றம்.

எனக்குக் கை கொடுத்தது அவருடைய பெயர் இல்லை, சுற்றியிருந்தவர்கள். குயினர் வீடும் இங்கல்ஸ் வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை: அண்ணன் ஹென்றி சார்ல்ஸின் சகோதரி பாலியைக் கட்டினார், தங்கை எலைசா சார்ல்ஸின் அண்ணன் பீட்டரைக் கட்டினார். நம் ஊர் சம்பந்த முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆனால் தானாக உறவு காட்டும் தளங்கள் இந்த இடத்தில் குழம்பிவிடும். நான் ஒரு வருஷம் பணம் கட்டி வைத்திருந்த வேறொரு தளம் யாரோ ஒரு கேரலைனின் பிள்ளைகளைக் கொண்டுவந்து இவருடன் சேர்த்துவிட்டது, அதை நம்பி நான் மூன்று மாதம் வீணாக்கினேன். அப்புறம்தான் ஒரு பழக்கம் வந்தது, எந்தக் குறிப்பானாலும் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்காமல் சேர்ப்பதில்லை.

அந்தப் படங்களுக்காகவே ஃபேமிலிசர்ச் எனக்குப் பிடிக்கும், அதுவும் இலவசம். 1870 கான்சாஸ், மாண்ட்கோமரி மாவட்டம், ரட்லண்டு டவுன்ஷிப்: அந்த நிலம் ஓசேஜ் பழங்குடி மக்களுடையது, அங்கே குடியேறியவர்களுக்குப் பட்டா கிடையாது. அக்கம்பக்கத்து வீடுகளைப் படித்துக்கொண்டே போனால் டாக்டர் ஜார்ஜ் டான் வருகிறார், கறுப்பின மருத்துவர், இங்கல்ஸ் குடும்பத்துக்கு மலேரியா வந்தபோது வைத்தியம் பார்த்தவர். பெயரைத் தேடி அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

2024-ல் வந்த முழு உரைத் தேடல் இன்னொரு பெரிய உதவி. கையெழுத்தில் உள்ள பத்திரங்களையும் உயில்களையும் இயந்திரமே படித்துத் தருகிறது. நிலம் விற்கும்போது மனைவியின் சம்மதத்தையும் எழுதி வாங்குவது அங்கே பரவலான வழக்கம், ஆகவே வேறு எங்கும் பெயர் இல்லாத பெண்கள் பத்திரத்தில் கிடைப்பார்கள். எழுத்தை அடிக்கடி தப்பாகவும் படிக்கும், ஒரு பெயரை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எந்தத் தளத்தாலும் நிரப்ப முடியாத ஓட்டைகளும் உண்டு. 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 வாஷிங்டன் தீவிபத்திலும் அதற்குப் பிறகுமாக அழிந்துபோய்விட்டது. கேரலைனின் ஒரே மகன் ஃபிரெடி 1875 நவம்பரில் பிறந்து 1876 ஆகஸ்டில் இறந்தான், ஒன்பது மாதக் குழந்தை. 1870-க்கும் 1880-க்கும் நடுவிலேயே வந்து போய்விட்டதால் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு எதிலும் அவன் பெயர் இருக்க வழியே இல்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு 1900 கணக்கெடுப்புதான் கதி. அதில் தாய்மார்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள்: எத்தனை பெற்றீர்கள், எத்தனை இருக்கிறார்கள்? பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு எண்கள். டகோட்டாப் பக்கங்களைப் புரட்டும்போது ஒவ்வொரு பெண்ணின் வரியிலும் முதலில் அந்த இரண்டு கட்டங்களுக்குத்தான் கண் போகிறது, எண்கள் வேறாக இருந்தால் அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடுவதில்லை.

இப்போது அக்கா மார்த்தாவின் குடும்பத்தை ஆரம்பித்திருக்கிறேன். கார்பெண்டர் என்பது புகுந்த வீட்டுப் பெயர், விஸ்கான்சினில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர்.