இருவர் மட்டும் பாய்மரப் படகில்: டால்மேஷியாவா, அயோனியனா?

கணவன் மனைவி இருவரே பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதென்றால், காட்சியழகைவிடக் கரையில் படகைக் கட்டும் முறையையே முதலில் கவனிக்க வேண்டும். குரோவேஷியாவின் டால்மேஷியக் கடற்கரையில், ஹ்வார், விஸ் போன்ற தீவுகளில், கட்டுவதற்கு மிதவைகளும், மரினா எனப்படும் படகு நிறுத்தும் துறைகளில் நீருக்குள் ஏற்கெனவே இடப்பட்ட கயிறுகளும் இருப்பதால் வேலை எளிது. கட்டணம்தான் கையைக் கடிக்கும். கிரேக்கத்தின் அயோனியன் தீவுகளிலோ, ஒருவர் முகப்பில் நின்று நங்கூரச் சங்கிலியை இறக்க, மற்றவர் படகைப் பின்னோக்கிச் செலுத்தி, பக்கக் காற்று தள்ளுவதற்குள் இத்தாக்காவின் கியோனி போன்ற சிற்றூர்த் துறையில் பின்புறக் கயிறுகளைக் கட்டியாக வேண்டும். (அப்போது உயரும் குரல்களைக் கரையோர உணவகமே வேடிக்கை பார்க்கும்.) ஆயினும், அங்கே கோடைக் காலைகள் பெரும்பாலும் அமைதியானவை, வடமேற்குக் காற்று பிற்பகலில்தான் வலுக்கும். டால்மேஷியாவில் மலையிலிருந்து திடீரென இறங்கும் போரா காற்றை எண்ணிப் பார்த்தால், முதன்முறை செல்வோருக்கு அயோனியனையே பரிந்துரைப்பேன்.