ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்: வென்யூ, கைலாக், மேக்னைட், ஃப்ராங்ஸ் – பத்து வருஷம் தாங்குவது எது?

நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் இந்தியாவில் அது சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கோட்டைத் தாண்டினால் 40 சதவீதம். பல கம்பெனிகளும் மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர், கூடுதல் காற்றைத் திணிக்க ஒரு டர்போ என்று ஒரே வழியில் போய் நிற்பதற்கு இந்த வரி முக்கியக் காரணம். ஆனால் பானட்டுக்குள் இருக்கும் நான்கு இன்ஜின்களும் நான்கு குணம்.

| | ஹூண்டாய் வென்யூ | ஸ்கோடா கைலாக் | நிசான் மேக்னைட் | மாருதி ஃப்ராங்ஸ் |
|---|---|---|---|---|
| கொள்ளளவு (சிசி) | 998 | 999 | 999 | 998 |
| பவர் (பிஎஸ்) | 120 | 115 | 100 | 100 |
| டார்க் (நியூட்டன் மீட்டர்) | 172 | 178 | 160 (சிவிடியில் 152) | 147.6 |
| இன்ஜெக்‌ஷன் | நேரடி | நேரடி | போர்ட் | நேரடி |
| ஆட்டோமேட்டிக் | 7 ஸ்பீடு டிசிடி | 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் | சிவிடி | 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் |

ஷோரூமில் பேச்சு பவர் வரிசையோடு முடிந்துவிடும். வென்யூவின் அந்த 120 பிஎஸ் வருவது 6000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 6000 முறை சுற்றும்போது. அந்த எண்ணை முள் தொட்டதே இல்லாமல் கைமாறிப்போகும் கார்கள் ஏராளம். நாம் தினமும் ஓட்டுவது டார்க்கை, அதாவது இழுவையைத்தான். அதிலும் எவ்வளவு என்பதைவிட எந்த ஆர்பிஎம்மில் என்பதுதான் கேள்வி. வென்யூவுக்கு முழு இழுவை 1500-லேயே கிடைத்து 4000 வரை நிற்கிறது. கைலாக்கில் 1750-லிருந்து, ஃப்ராங்ஸில் 2000-லிருந்து. மேக்னைட் மேனுவலில் மட்டும் 2800 முதல் 3600 வரை என்ற குறுகிய இடைவெளி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேரையும் ஏசியையும் வைத்துக்கொண்டு ஏறினால் இதன் அர்த்தம் காலுக்கே புரிந்துவிடும். வளைவில் வேகம் விழுந்து ஆர்பிஎம் 1800-க்கு வந்ததும் வென்யூவும் கைலாக்கும் இரண்டாம் கியரிலேயே சமாளித்து எழும். மேக்னைட்டில் முதல் கியரைத் தேடுவீர்கள். தட்டையான ரோட்டில், சேலம்–உளுந்தூர்பேட்டை மாதிரி இடத்தில், இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வேகம் இவ்வளவுதான். வாரண்டி முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது வேறு கணக்கு.

அதில் நான் முதலில் பார்ப்பது, பெட்ரோலை உள்ளே செலுத்தும் முறையான இன்ஜெக்‌ஷன். போர்ட் வகையில் பெட்ரோல், சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் தெளிக்கப்படுகிறது. வால்வின் முதுகு ஓயாமல் பெட்ரோலில் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். நேரடி வகையில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. அதனால் உள்ளே குளிர்ச்சி கூடும், அழுத்தத்தை ஏற்றலாம், பவரும் மைலேஜும் கிடைக்கும். ஆனால் வால்வைக் கழுவ ஆளில்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அதன் மேல் படிந்து, கருகி, கார்பனாக இறுகுகிறது. ஒரு வருஷத்தில் தெரியாது. பல பத்தாயிரம் கிலோமீட்டர் கழித்து ஐடிலில் ஒரு நடுக்கம், பிக்கப்பில் ஒரு சோம்பல் என்று மெதுவாக வரும். அப்போது இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த வால்வைத் தொடவே தொடாது. கவுன்டரில் அதை விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

இதோடு, நேரடி இன்ஜெக்‌ஷனுக்கு டேங்கில் இருக்கும் பம்ப் போதாது. இன்ஜினிலேயே இன்னொரு உயர் அழுத்த பம்ப் வேண்டும், இன்ஜெக்டர்களும் விலை கூடியவை. மேக்னைட்டில் இந்தத் தலைவலி கிடையாது. ஒரகடத்தில் தயாராகும் இந்த காரின் இன்ஜினை ‘பழைய டெக்னாலஜி’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் இதை அதன் பலமாகவே எடுத்துக்கொள்கிறேன். பழசு என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. சிலிண்டரில் இரும்பு லைனருக்குப் பதிலாக, உருக்கித் தெளித்த மெல்லிய பூச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றி வைத்திருக்கிறார்கள். நிசான் தன் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரில் பயன்படுத்திய முறை அது.

சின்ன டர்போக்களுக்கு இன்னொரு எதிரி, குறைந்த ஆர்பிஎம்மில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும் எரிதல். ஐந்தாம் கியரில் 1400 ஆர்பிஎம்மில் ஓடும்போது கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கிறோம் என்று வையுங்கள். டர்போ காற்றைத் திணிக்கிறது, சிலிண்டரில் சிதறிக் கிடக்கும் ஆயில் துளி முன்கூட்டியே தீப்பிடிக்கிறது. அந்த அடி பிஸ்டனையே உடைக்கக்கூடியது. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களில்தான் இது அதிகம். ஆயிலில் இருக்கும் கால்சியம் வகை சேர்மானத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகுதான் 2018-ல் ‘எஸ்என் பிளஸ்’, 2020-ல் ‘எஸ்பி’ என்று ஆயில் தரங்கள் வந்தன. ஆகவே ஆயில் டப்பாவில் ‘எஸ்பி’ என்று இருக்கிறதா என்று பார்ப்பது, எந்த பிராண்ட் என்று பார்ப்பதைவிட முக்கியம். பழைய ஸ்விஃப்ட்டுக்கு மிச்சமான ஆயிலை இதில் ஊற்றிவிடாதீர்கள்.

அடுத்தது கியர்பாக்ஸ். ‘டர்போ போச்சு’ என்று சொல்லும் கதைகள் பலவற்றில் கெட்டது இன்ஜினாக இருக்காது, அதன் பின்னால் மாட்டியதாக இருக்கும். வென்யூவின் ஆட்டோமேட்டிக்கான டிசிடி, ஆயிலில் நனையாத இரண்டு உலர் கிளட்ச் கொண்டது. காலியான ரோட்டில் அது கியர் மாற்றும் வேகத்துக்கு மற்ற மூன்றும் பக்கத்தில் வரமுடியாது. ஆனால் மாலை ஆறரைக்கு மத்திய கைலாஷ் சிக்னலிலிருந்து ஓஎம்ஆரில் ஊர்ந்து பாருங்கள். அரை அடி நகர்வு, பிரேக், மறுபடி அரை அடி. ஒவ்வொரு நகர்விலும் கிளட்ச் பாதி பிடித்து வழுக்குகிறது. சூட்டைத் தணிக்க ஆயில் இல்லை. ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில், இதே வகையைச் சேர்ந்த 7 ஸ்பீடு உலர் கிளட்ச் டிஎஸ்ஜி உலகம் முழுக்க எவ்வளவு கெட்ட பெயர் வாங்கியது என்பது கார்க்காரர்களுக்குத் தெரியும். அதே குழுமம் கைலாக்கின் ஒரு லிட்டர் இன்ஜினுக்கு டார்க் கன்வர்ட்டரைக் கொடுத்திருக்கிறது. இதில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது திரவம். ஊர்ந்தால் தேய்வதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை. ஃப்ராங்ஸிலும் அதே வகைதான். தனித்தனி கியர் படிகள் இல்லாத மேக்னைட்டின் சிவிடி நெரிசலில் வெண்ணெயாக ஓடும், ஆனால் முந்துவதற்கு மிதித்தால் சத்தம் முதலில் போய்ச் சேரும், கார் பின்னால் வரும்.

டிசிடியே வேண்டும் என்றால் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்: முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விட்டு, பிறகு ஒரேயடியாக நகருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் விஷயத்தில், கைலாக்கின் இன்ஜினான ஸ்கோடாவின் டிஎஸ்ஐயில் இருப்பது பெல்ட் என்றதும் சிலர் பதறுகிறார்கள். பதற்றத்துக்கு காரணம் வேறு கம்பெனி. மறைமலை நகரில் தயாராகி 2013-ல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட்டில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடியது. அந்த வகை பெல்ட் நாளாக ஆக உதிர்ந்து, ரப்பர் துகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கலாம். ஆயில் அழுத்தம் விழுந்தால் இன்ஜினே போகும். டிஎஸ்ஐயில் இருப்பது ஆயில் படாத உலர் பெல்ட். குறித்த தூரத்தில் பார்த்து மாற்றினால் பிரச்சினை இல்லை, செலவு உண்டு. ஹூண்டாய் செயினுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் நீளும்.

டிஎஸ்ஐயின் உண்மையான கறை வேறு இடத்தில். 2021-ல் இதே இன்ஜினோடு ஸ்கோடாவின் குஷாக் வந்த புதிதில், சில கார்களில் இபிசி என்ற இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை போனது. காரணம் ஃப்யூவல் பம்ப். அதைவிட உறுதியான பம்ப் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த இன்ஜின் குடும்பத்தில் வாட்டர் பம்ப்–தெர்மோஸ்டாட் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் கூலன்ட் கசிவதும் வெளிநாட்டிலேயே தெரிந்த பலவீனம். மாதம் ஒருமுறை கூலன்ட் மட்டத்தைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இந்த காரை வாங்கினால் கொஞ்சம் கவலைப்படுவேன்.

மைலேஜ்: லிட்டருக்கு ஃப்ராங்ஸ் மேனுவல் 21.5 கிலோமீட்டர், கைலாக் மேனுவல் 19.68 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடக் கணக்கு. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலில் இரண்டும் கொஞ்சம் இறங்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் டர்போ வாங்குவதானால், ஈ20 தாங்குமா என்று கையேட்டைப் பாருங்கள்.

என் வரிசையைக் கேட்டால் காரைவிட முதலில் ஆளைப் பார்ப்பேன். நகர நெரிசலில் தினமும் ஆட்டோமேட்டிக் ஓட்டி, விடுமுறையில் மலையேறுபவருக்கு கைலாக். ஆனால் நல்ல சர்வீஸ் சென்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திருவாரூரிலோ ராமநாதபுரத்திலோ இருந்துகொண்டு அந்த வசதிக்காக அலையப் பிடிக்காதவருக்கு ஃப்ராங்ஸ். பவர் குறைவு, மாருதி மெக்கானிக் பக்கத்துத் தெருவில் கிடைப்பார். வென்யூவை மேனுவலில் எடுத்தால் நான்கில் ஓட்டுவதற்கு உற்சாகமானது அதுதான், டிசிடி பயமும் இல்லை. மேக்னைட், சமவெளியில் ஓட்டி, எட்டு பத்து வருஷம் வைத்திருந்து, செலவை எண்ணிச் செய்பவருக்கு. மலைக்காரர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

எதை எடுத்தாலும் ஆயிலைக் கம்பெனி சொன்ன கெடுவுக்குள் மாற்றுங்கள். வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை. மலையேறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள், டர்போவின் தாங்கியில் நிற்கும் ஆயில் கருகாது. செகண்ட் ஹேண்டாக வாங்குவதானால் ஓடோமீட்டரைப் பார்ப்பதற்கு முன்பு ஆயில் மாற்றிய பில்களைத் தேதி வாரியாகக் கேளுங்கள். பில் இல்லை என்றால் விலையை எவ்வளவு குறைத்தாலும் டர்போ வேண்டாம், சாதாரணப் பெட்ரோலைப் பாருங்கள்.