ஹோம் அசிஸ்டன்ட்: எல்லா ஸ்மார்ட் கருவிகளுக்கும் ஒரே ஆப்

பல்புக்கு ஒரு ஆப், ஏசிக்கு ஒன்று, கேமராவுக்கு இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனி லாகின், தனி ஓடிபி என்று அலுத்துப் போனவர்களுக்கு ஹோம் அசிஸ்டன்ட்டைத் தாராளமாகச் சொல்வேன். 2013இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், இலவசம். ஆனால் ஃபோனில் ஆப்பை மட்டும் இறக்கினால் ஒன்றும் நடக்காது, வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கணினி வேண்டும். ராஸ்பெர்ரி பை போதும், சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, முடிந்தவரை எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதுதான். மற்றபடி பல கருவிகளில், பக்கத்து அறை விளக்கை அணைக்கக்கூட கட்டளை எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. நெட் போனால் அவ்வளவுதான். கம்பெனியே கைவிட்டால் இன்னும் மோசம்: 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் சர்வர்களை நிறுத்தியது, அதன் ஆப் முடங்கிப்போனது, ஆனால் அதே ஹப்பை (வீட்டுக் கருவிகளை இணைக்கும் பெட்டி) ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைத்திருந்தவர்கள் விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஹோம் அசிஸ்டன்ட் தளத்தில் அந்த பிராண்டின் பக்கத்தைத் திறந்து, 'லோக்கல்' என்று போட்டிருக்கிறதா 'கிளவுட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளவுட், அதாவது கம்பெனி சர்வர் வழி என்றால் ஆப் ஒன்றாகுமே தவிர, நெட் போகும்போது பழைய கதைதான்.

ஸ்மார்ட் பல்பை விட சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் ரிலேதான் (ஆப் சொல்வதைக் கேட்டு கரண்டைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) நம் வீடுகளுக்குச் சரி. பல்பு ஸ்மார்ட்டாக இருந்தாலும் யாராவது சுவரில் சுவிட்சைத் தட்டிவிட்டால் அதற்குக் கரண்டே இல்லை, ஆப்பில் காணாமல் போய்விடும், வீட்டுப் பெரியவர்களிடம் போய் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. ரிலே வைத்தால் சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும். பழைய ஏசிக்கு ஐஆர் பிளாஸ்டர் (ரிமோட் போலவே சிக்னல் அனுப்பும் கருவி) வைக்கலாம், ஆனால் அது ஒருவழிப் பேச்சு: யாராவது ரிமோட்டில் ஏசியை அணைத்தால் ஆப்புக்குத் தெரியாது. தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் நேராக ஸ்மார்ட் பிளக் போடாதீர்கள், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காமல் போகலாம், எலக்ட்ரீஷியனை வைத்து கான்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) வழியாக இணையுங்கள்.

குறை என்றால், பொறுமை வேண்டும். மாதாமாதம் புது வெர்ஷன் வருகிறது, சில சமயம் அதுவரை ஓடிய ஒன்றை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவராவது இதில் ஆர்வமாக உட்காரத் தயாராக இல்லையென்றால், மேட்டர் (வெவ்வேறு கம்பெனிக் கருவிகளும் சேர்ந்து வேலை செய்வதற்கான பொதுத் தரம்) முத்திரை உள்ள கருவிகளாகப் பார்த்து வாங்கி கூகுள் ஹோமிலேயே இருந்துவிடலாம், அதுவும் தப்பில்லை. பின்னால் மனம் மாறினால் அதே கருவியை ஹோம் அசிஸ்டன்ட்டிலும் சேர்த்துக்கொள்ள மேட்டரில் வழி இருக்கிறது.

அப்புறம், ராஸ்பெர்ரி பையையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரண்ட் திடீரென்று போய்ப் போய் வந்தால் எஸ்டி கார்டு கெட்டுப்போகும், அத்தனை செட்டிங்கும் போச்சு. பேக்கப்பையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். வெளியூரிலிருந்து இயக்க, ஹோம் அசிஸ்டன்ட்டை உருவாக்கியவர்கள் தொடங்கிய நபு காசா கம்பெனியின் மாதச் சந்தா இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட்டால் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாகக் காசில்லாமலும் செய்யலாம்.