தூக்கம் வரவில்லை என்று ஒரு செயலியிடம் சொன்னேன், விளம்பரக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது

தூக்கம், மனநலம், மாதவிடாய், எடைக்குறைப்பு என்று உடம்பையும் மனதையும் பற்றிக் கேள்வி கேட்கும் செயலி எதையாவது போனில் இறக்கப்போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது படியுங்கள். மருத்துவரிடம் சொல்வது போலத்தான் இதுவும் என்று நம்பவைத்து என்னிடம் கேட்டு வாங்கிய விஷயங்களை ஒரு நிறுவனம் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது. பணத்திலும் ஏமாற்றினார்கள். ஆனால் பணம் திரும்பி வந்துவிட்டது, மற்றது வராது.

பல மாதங்களாக எனக்குத் தூக்கம் சரியில்லை. படுத்தால் எதையாவது நினைத்துக்கொண்டே கிடப்பேன், விடிகிற நேரத்தில்தான் கண் அசரும். அந்த நேரத்தில்தான் இந்தச் செயலியின் விளம்பரம் கண்ணில் பட்டது. நிபுணர்கள் வகுத்த திட்டம், முழு ரகசியம், உங்கள் பதில்கள் உங்களோடு மட்டும் என்று போட்டிருந்தார்கள். முகப்பில் கேடயம் போல ஒரு படம், பக்கத்தில் மருத்துவ ரகசியச் சட்டத்துக்கு உட்பட்டது என்று சொல்லும் ஒரு முத்திரை. பார்க்க அரசாங்கம் கொடுத்தது போலவே இருந்தது.

உள்ளே போனதும் கேள்விகள். முதலில் வயது, வேலை நேரம், எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்ற மாதிரி. அப்புறம் மெல்ல ஆழமாகப் போனது. கடந்த 2 வாரங்களில் எதையும் செய்ய ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? நீங்கள் தோற்றுப்போனவர் என்றோ, குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டீர்கள் என்றோ தோன்றியதா?

இவை அந்தச் செயலிக்காரர்கள் யோசித்து எழுதியவை அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிஎச்க்யூ-9 என்று மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மனச்சோர்வுக் கேள்வித்தாளில் இருந்து எடுத்தவை. மொத்தம் 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டினால் அதிகபட்சம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்கும். மருத்துவர் ஒருவர் இதைக் கேட்டால், பதிலைப் பொறுத்து அடுத்து என்ன செய்வது என்ற கடமை அவருக்கு இருக்கிறது. இந்தச் செயலியில் நான் பதிலைத் தொட்டேன், பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது, திரை அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. (அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லும் நிலையில் இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒரு மனிதரிடம் பேசுங்கள். மருத்துவரோ, உதவி எண்ணில் இருப்பவரோ, வீட்டில் நம்பிக்கையான ஒருவரோ யாராக இருந்தாலும் சரி.)

கேள்விகள் முடிந்ததும் 'உங்கள் பதில்களை ஆராய்கிறோம்' என்று ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் சிவப்பு எழுத்தில் 'உங்கள் நிலை: கடுமை'. அதற்குக் கீழேயே சந்தாக் கட்டணம், தள்ளுபடி முடிய இன்னும் சில நிமிடங்கள்தான் என்று இறங்கிக்கொண்டே போகும் கடிகாரம். மறுநாள் திறந்தபோது அதே கடிகாரம் முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. நோய் என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டு, பயம் தெளிவதற்குள் பணத்தை வாங்கிவிடுகிற வேலை இது.

கட்டிய சந்தாவை ரத்து செய்யப் போனபோது இன்னொரு கூத்து. செயலிக்குள் ரத்துக்கான பொத்தானே கிடையாது. வலைத்தளத்துக்குப் போகச் சொன்னது. அங்கே ஏன் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், உங்கள் முன்னேற்றமெல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு பக்கம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம். எல்லாவற்றையும் தாண்டி வந்தும் அடுத்த மாதம் பணம் எடுக்கப்பட்டது. ரத்து முடிந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து மீட்டேன். இது சின்னக் கம்பெனிகள் மட்டும் செய்கிற வேலை இல்லை. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் போட்ட வழக்கில் சொன்னது. முடிவில்லாமல் நீளும் போரைப் பாடும் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

சரி, பணக்கதை போகட்டும்.

செயலியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இடங்களில் விளம்பரங்கள் மாறத் தொடங்கின. செய்தி படிக்கும்போது தூக்க மாத்திரை. வீடியோ பார்க்கும்போது 'வெறுமையாக உணர்கிறீர்களா?' என்ற கேள்வி. கூடவே அவசரக் கடன், சூதாட்ட விளையாட்டு. தூங்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நள்ளிரவில் சூதாட்ட விளம்பரம் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் நம் நிதானம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், காட்டுகிறவனுக்கும் தெரியும்.

சந்தேகம் வந்ததால் என்னைப் பற்றி வைத்திருக்கும் தரவு முழுவதையும் அனுப்பச் சொல்லி எழுதினேன். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன் 15-ஆம் பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. வேறு பல நாடுகளிலும் இதைப் போன்ற சட்டங்கள் வந்திருக்கின்றன. இந்தச் செயலியின் தனியுரிமைக் கொள்கையில், யார் கேட்டாலும் தருவோம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். முதலில் தானியங்கி அரட்டை நிரல் ஒன்று பதில் சொன்னது, அப்புறம் படிவம், அப்புறம் அடையாளச் சான்று. நான் விடாமல் கேட்டதால் கடைசியில் ஒரு கோப்பு வந்தது.

அதில் வரிசை வரிசையாக, எந்த நொடியில் எந்தத் திரையைத் திறந்தேன், எதைத் தொட்டேன், அந்தத் தகவல் எங்கே போனது என்று இருந்தது. 'மனநிலை கேள்வி முடிந்தது, பிரிவு: மிதமான சோர்வு.' 'தூக்கமின்மை: கடுமை.' 'கட்டணப் பக்கம் பார்த்தார், வாங்கவில்லை.' அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் விளம்பர நிறுவனங்களின் பெயர்கள். மருத்துவரிடம்கூட நான் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயம், அங்கே ஒரு கட்டத்துக்குள் இரண்டு சொல்லாகக் கிடந்தது.

'உங்கள் பெயரை யாருக்கும் தரவில்லை, அடையாளம் நீக்கிய தகவல் மட்டுமே பகிரப்பட்டது' என்று வாடிக்கையாளர் சேவையில் பதில் சொன்னார்கள். இந்தப் பதில் உங்களுக்கும் வரும், அதனால் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியை உருவாக்குபவர்கள் விளம்பர நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் சிறு நிரல்களை உள்ளே சேர்க்கிறார்கள். நாம் ஒவ்வொரு பொத்தானைத் தொடும்போதும் அந்த நிரல் ஒரு தகவலை அனுப்பும், கூடவே நம் போனின் விளம்பர அடையாள எண்ணும் போகும். பெயர் தேவையே இல்லை, அந்த எண் போதும். மின்னஞ்சல் முகவரியையும் அப்படியே அனுப்பாமல் ஒரு குறியீடாக மாற்றி அனுப்புவார்கள். ஆனால் ஒரே முகவரியை அதே முறையில் மாற்றினால் எப்போதும் அதே குறியீடுதான் வரும். சமூக ஊடக நிறுவனத்திடம் நம் முகவரி ஏற்கெனவே இருக்கிறது. அவர்கள் அதை மாற்றிப் பொருத்திப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அடையாளம் நீக்கியது என்பது இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

நான் கற்பனையாகப் பயப்படவில்லை. பெட்டர்ஹெல்ப் என்ற இணைய மனநல ஆலோசனை நிறுவனம், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல், அவர்கள் கேள்வித்தாளில் சொன்ன தகவல் ஆகியவற்றை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அதே வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டியது. ஏற்கெனவே மனநல சிகிச்சை எடுத்தவர்கள் என்ற தகவலை வைத்து, இவர்களைப் போன்ற வேறு ஆட்களைத் தேடித் தரும்படி ஃபேஸ்புக்கிடம் கேட்டிருக்கிறார்கள். மருத்துவ ரகசியச் சட்ட முத்திரை அவர்கள் தளத்திலும் இருந்தது. எந்த அரசு அமைப்பும் சரிபார்த்துக் கொடுத்தது அல்ல அது. 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் மீதும் அதே ஆண்டு இதே போன்ற நடவடிக்கை, 15 லட்சம் டாலர் அபராதம். மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ செயலியில் கர்ப்பத்தின் எத்தனையாவது வாரம் என்று ஒரு பெண் தேர்ந்தெடுத்தால், அந்த நிகழ்வின் பெயரே விஷயத்தைச் சொல்லும்படி வெளியே போனது. அந்த வழக்கு 2021-இல் சமரசமானது. மருத்துவமனைகளும் விதிவிலக்கல்ல. அமெரிக்காவின் முன்னணி 100 மருத்துவமனைகளில் 33-இன் வலைத்தளங்களில் மெட்டா நிறுவனத்தின் பின்தொடரும் நிரல் இருந்ததை 2022-இல் தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது.

விளம்பரம்தானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்பவர்கள் ஃபின்லாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாஸ்டாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் கணினியில் இருந்து நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டன. 2020-இல் திருடியவன் நிறுவனத்தை மிரட்டினான், அது பலிக்கவில்லை என்றதும் நோயாளிகளுக்கே ஒவ்வொருவராக மின்னஞ்சல் அனுப்பி, பணம் தராவிட்டால் நீ சொன்னதையெல்லாம் வெளியிடுவேன் என்றான். பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். ஒரு அறையில் ஒருவரிடம் மட்டும் சொன்ன வார்த்தைகள் அவை. 2024-இல் குற்றவாளிக்கு 6 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே போன குறிப்புகளை யாரால் உள்ளே இழுக்க முடியும்?

திருட்டே நடக்காவிட்டாலும், நிறுவனம் கைமாறினால் நம் தகவலும் சேர்ந்து கைமாறும். மரபணுச் சோதனை செய்துகொடுத்த 23ஆண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, கோடிக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலும் விற்பனைக்கான சொத்தாக மேசைக்கு வந்தது.

உடம்புக்கு இது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் செயலி தினமும் காலையில் தூக்கத்துக்கு மதிப்பெண் போடும். குறைவாக வந்தால் அன்று முழுக்க அதே கவலை, இரவில் இன்றைக்காவது நல்ல மதிப்பெண் வாங்க வேண்டுமே என்ற பதற்றம். படுக்கப் போகிற நேரத்தில் அறிவிப்பு வேறு அனுப்பும். கடைசியில் மருத்துவரைப் பார்த்தபோது அவர் முதலில் சொன்னது அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள் என்பதுதான். இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017-லேயே தூக்க ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்களாம். கருவி காட்டும் எண்ணைத் துரத்தித் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு முயல வேண்டியது சிபிடி-ஐ என்ற பழக்கமாற்றச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதில் இப்போது இருக்கிறேன். இது முடிந்தால் முடிந்தது, மாதச் சந்தா கிடையாது. நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-இல் எங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு பக்கம் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும் தொழில், இன்னொரு பக்கம் தூக்கத்தைத் திருப்பித் தருகிறேன் என்று காசு கேட்கும் தொழில். இரண்டுக்கும் நாம் போனைக் கீழே வைக்காமல் இருக்க வேண்டும்.

இனி, செயலியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு. போனில் இருந்து நீக்கிவிட்டால் கணக்கு அழிந்துவிடாது, சந்தாவும் நிற்காது. அதனால் நீக்குவதற்கு முன்பே உங்கள் தரவின் நகலையும், அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். நகல் வந்த பிறகு கணக்கை அழிக்கச் சொல்லுங்கள். ரத்துப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், வங்கியில் அதுதான் பேசும். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, விளம்பரம் என்று தேடினால் விளம்பர அடையாள எண்ணை நீக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் 2021 முதல், பின்தொடர அனுமதி கேட்க வேண்டாம் என்று எல்லாச் செயலிகளுக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். உடல்நலம் சார்ந்த எதற்கும் உங்கள் வழக்கமான மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் எல்லாம் நின்றுவிடாது, ஆனால் ஆளோடு பொருத்திப் பார்ப்பது அவர்களுக்குக் கஷ்டமாகும்.

கணக்கை அழித்ததாக எனக்கு வந்த கடிதத்தில் 'எங்கள் சர்வர்களிலிருந்து' என்று மட்டும்தான் இருந்தது. விளம்பர நிறுவனங்களுக்குப் போனதையும் அழிக்கச் சொல்லி நீங்களே அவர்களுக்கு எழுத வேண்டும் என்று செயலி நிறுவனத்திடம் மறுபடி கேட்டிருக்கிறேன். இது ஒன்றும் அதிகப்படியான கோரிக்கை இல்லை, பெட்டர்ஹெல்ப் வழக்கின் உத்தரவிலேயே அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் புகார் போயிருக்கிறது. என்ன நடக்கிறது என்பதை இதே பதிவில் சேர்க்கிறேன்.