பழைய டொஸ் புரோகிராமுக்கு எது தோது: 86பொக்ஸா, கியூஎமுவா?

கொழும்பு கெய்சர் வீதிப் புடவைக் கடை ஒன்றின் பில்லிங் புரோகிராம், விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்தின் காலத்தது. அது ஓடும் பென்டியம் பெட்டியின் மதர்போர்டு இன்றோ நாளையோ என்றிருக்கிறது என்று வையுங்கள். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமைத் தொடாது. 32 பிட் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மிஞ்சுவது மெய்நிகர் இயந்திரம், அதாவது எமுலேட்டர் என்ற மென்பொருள் கணினிக்குள் உருவாக்கும் இன்னொரு கணினி. அதிலே இரண்டு கட்சி. 86பொக்ஸ் பழைய வன்பொருளை உள்ளது உள்ளபடி நடித்துக் காட்டும். கியூஎமு எந்த அசல் பிசி போர்டையும் அச்சாகப் போலச் செய்யாது. ஆனால் நேற்று கெஸ்டுக்கு (உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு) காட்டிய முகத்தையே நாளைக்கும் காட்டும்.

முதலில் 86பொக்ஸ். இன்ன கம்பனியின் இன்ன மதர்போர்டு என்று நீங்கள் தேர்ந்தெடுக்க, அந்தப் போர்டின் அசல் பயோஸே (பெட்டி எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) எழும்பும். பயோஸ் ரொம் தொகுப்பைத் தனியாக இறக்கி வைக்கவேண்டும். எமுலேட்டரின் பதிப்புக்குப் பொருந்தாத பழைய தொகுப்பென்றால் சில போர்டுகள் பட்டியலிலேயே வராது. ஹோஸ்டின் (எமுலேட்டர் ஓடும் அசல் கணினியின்) விடி-எக்ஸ் என்ற மெய்நிகராக்க வசதியை அது பயன்படுத்துவதில்லை, முழுக்க மென்பொருள்தான். ஜன்னலின் தலைப்பில் ஒரு சதவீதம் ஓடும். அது 100இல் நின்றால் சுகம், கீழே இறங்கினால் கெஸ்டின் நேரமே இழுபடும். இரண்டாம் கையாக வாங்கிய ஐ5 பெட்டியில் 486 தாராளமாக ஓடும். பென்டியம் 2 வரை ஏறினால் மூச்சு வாங்கும். ஓடும் நிலையை அப்படியே சேமித்து வைக்கும் வசதியும் கிடையாது.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு ஒரே ஒரு பிழைச் செய்தி போதும்: ரன்டைம் எரர் 200. டேர்போ பஸ்கால் 7 நிரல்மொழியின் சிஆர்டி யூனிட், புரோகிராம் தொடங்கும்போதே ஒரு டைமர் துடிப்புக்குள், அதாவது 55 மில்லி செக்கனுக்குள், வெறும் லூப் எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணி அதை 55ஆல் வகுக்கும். விடை 16 பிட்டுக்குள், 65,535க்குள், அடங்கவேண்டும். லூப் ஏறக்குறைய 36 இலட்சம் தடவையைத் தாண்டினால் வகுத்தல் வழிந்து புரோகிராம் வாசலிலேயே விழும். கேவிஎம் முடுக்கத்தோடு (கெஸ்டின் கட்டளைகளை ஹோஸ்ட் சிபியுவிலேயே நேரே ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடும் கியூஎமுவில் இது நிச்சயம் நடக்கும், ஏனென்றால் லூப்பைச் சுற்றுவது உங்கள் இன்றைய சிபியுதான். 86பொக்ஸில் 486டிஎக்ஸ்2 66 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்தால் பிழை எட்டியும் பார்க்காது.

கியூஎமுவிலும் கேவிஎம்மை விட்டுவிட்டு ஐகவுண்ட் ஷிப்ட் 5 என்று கொடுக்கலாம். ஒரு கட்டளைக்கு 32 நானோ செக்கன் என்று கணக்குப் போடும், எரர் 200 போய்விடும். ஆனால் அதற்கு எல்லாக் கட்டளையும் ஒரே விலை. அசல் 486இல் ஒரு எளிய மூவ் ஒரு கிளொக்கில் முடியும், 16 பிட் வகுத்தலுக்கு 24 கிளொக் பிடிக்கும். அந்த வேறுபாட்டை நம்பி எழுதிய கேம், மியூசிக் டிரைவர் எல்லாம் கியூஎமுவில் தாளம் தப்பும். பில்லிங் புரோகிராம் அதையெல்லாம் கவனிக்காது. உள்ளதைச் சொன்னால், எரர் 200க்காக மட்டும் 86பொக்ஸுக்குப் போகவேண்டியதில்லை. ஈஎக்ஸ்ஈ கோப்பில் அந்த ஓர் இடத்தை மாற்றும் பட்ச் எப்போதோ வந்துவிட்டது.

கியூஎமுவின் பலம் வேறு இடத்தில். அதன் "பிசி" இயந்திரம் ஒரு கலப்படம்: 1996இன் ஐ440எப்எக்ஸ் சிப்செட், பிஐஐஎக்ஸ்3 பாலம், மின்சார மேலாண்மைக்கு மட்டும் பிஐஐஎக்ஸ்4இலிருந்து ஒரு துண்டு. இப்படியொரு போர்டு எந்தக் கடையிலும் விற்றதில்லை. ஆனால் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தக் கலப்படத்துக்கு எண் போட்டுப் பூட்டிவைக்கிறார்கள். புதிய பதிப்பில் ஒரு பிழையைத் திருத்தினால், பழைய எண்ணுள்ள இயந்திரத்தில் அந்தப் பிழை வேண்டுமென்றே விட்டுவைக்கப்படும்.

ஏன் என்பதற்கு 5.2 பதிப்பே சாட்சி. அதில் பிசிஐ மூலப் பாலத்துக்கு (கார்டுகளெல்லாம் தொங்கும் இணைப்பு) ஏசிபிஐ அட்டவணையில், அதாவது இயங்குதளத்துக்கு வன்பொருளை அறிவிக்கும் பட்டியலில், இருந்த அடையாள எண்ணை 1இலிருந்து 0ஆக்கினார்கள். திருத்தம் சரியானதுதான், அதுவரை கியூஎமு சொன்ன பாதையும் யூஈஎப்ஐ (புதிய வகை) பயோஸ் சொன்ன பாதையும் ஒத்துப்போகவில்லை. ஆனால் விண்டோஸ் கெஸ்டுகளுக்கு நெட்வேர்க் கார்டு புதியதாகத் தெரிந்தது. டிஎச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) இல்லாமல் கையால் ஐபி கொடுத்திருந்தவர்களின் இணைப்பு அறுந்தது. பிறகு 5.2க்கு முந்திய எண்ணுள்ள இயந்திரங்களுக்குப் பழைய 1ஐயே திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே "பிசி" என்ற வெறும் பெயரை எழுதவேண்டாம், எண்ணோடு எழுதுங்கள். லிப்வேர்ட் (மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக உருவாக்கினால் அது தானாகவே எண்ணைச் சேர்த்து எழுதிக்கொள்ளும். இந்த உத்தரவாதத்துக்கும் காலாவதி உண்டு: இப்போதைய கொள்கைப்படி ஓர் எண் 3 வருடத்தில் கைவிடும் பட்டியலுக்குப் போய், 6 வருடத்தில் நீக்கப்படும்.

கடைக்காரருக்கு இதைவிட முக்கியம் கரண்ட். டொஸ், டிஸ்கைப் பார்த்து "எழுதியதை இறக்கி வை" என்று கட்டளை அனுப்புவதில்லை. கியூஎமுவின் வழமையான ரைட்பேக் கேஷ் (எழுதியதை நினைவகத்தில் வைத்துப் பிறகு டிஸ்கில் இறக்கும் முறை) அந்தக் கட்டளையை நம்பியிருப்பது. பில் போட்ட கையோடு மின்சாரம் நின்றால் டிபிஎப் தரவுக் கோப்பு ஒரு நிலையில், இன்டெக்ஸ் இன்னொரு நிலையில் நிற்கும். கேஷை ரைட்த்ரூ (உடனுக்குடன் டிஸ்கில் எழுதும் முறை) என்று மாற்றுங்கள். டொஸுக்கு அந்த வேகக் குறைவு தெரியவே தெரியாது. இன்னொன்று, டொஸ் விசைக்காகக் காத்திருக்கும்போதும் சிபியுவின் ஒரு கோரை 100 சதவீதம் எரிக்கும். பிரீடொஸ் என்ற இலவச டொஸின் எப்டிஏபிஎம் (மின்சாரச் சிக்கனக்) கட்டளையை ஏபிஎம்டொஸ் என்ற தெரிவோடு ஓட்டோஎக்ஸெக் கோப்பில் போட்டால் பெட்டி குளிரும்.

பிரிண்டரில் இரண்டுமே பாதிக் கிணறு. 86பொக்ஸ், எப்சனின் ஈஎஸ்சி/பி கட்டளை மொழி புரியும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை நடித்து, பக்கத்தைப் படக் கோப்பாக வரைந்து வைக்கும். கார்பன் பில்லுக்கு அது உதவாது. கியூஎமு, பெரலல் போர்ட்டுக்கு வரும் பைட்டுகளை ஒரு கோப்பில் கொட்டும், அதை ரோவாக, மாற்றமேதும் செய்யாமல், எப்சன் எல்எக்ஸ்-310க்கு அனுப்பலாம். பில் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் டொஸ்பொக்ஸ்-எக்ஸ் என்ற இன்னொரு எமுலேட்டர் இரண்டையும் விடக் கெட்டி: இத்தனை மில்லி செக்கன் அமைதியாக இருந்தால் பில் முடிந்தது என்று அதுவே தீர்மானிக்கும்.

பெரலல் டொங்கிள் (திருட்டு நகலைத் தடுக்கப் போர்ட்டில் செருகும் பூட்டு) உள்ள புரோகிராமுக்கு யூஎஸ்பி-பெரலல் கேபிள் வாங்கிக் காசைக் கரியாக்கவேண்டாம். அது பிரிண்டராகத்தான் தன்னைக் காட்டும். டொங்கிள் கேட்பது 378 ஹெக்ஸ் முகவரியிலுள்ள அசல் போர்ட். பிசிஐ எக்ஸ்பிரஸ் பெரலல் கார்டு போட்டு, லினக்ஸ் ஹோஸ்டிலிருந்து கியூஎமுவுக்குள் விட்டால் கெஸ்டுக்கு 378 என்றே தெரியும்.

கொட்டாஞ்சேனை அச்சகத்துப் பேஜ்மேக்கர் கோப்புகள், பாமினி எழுத்துரு என்று வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, கியூஎமுதான். வரி எங்கே மடியும் என்பதைத் தீர்மானிப்பது அதே பாமினி கோப்பும் பேஜ்மேக்கரும், சிப்செட் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி போடுவதென்றால் கியூஎமுவின் இன்னொரு இயந்திர வகையான கியூ35 வேண்டாம். அதன் டிஸ்க் ஏஎச்சிஐ என்ற சாட்டா இடைமுகம் வழியாக வரும், எக்ஸ்பியிடம் அதற்கு டிரைவர் இல்லை, 7பி (பூட் டிஸ்கை அணுக முடியவில்லை என்ற) நீலத்திரை நிச்சயம். விண்டோஸ் 98 என்றால் 256 எம்பி ரம்மோடு நிறுத்துங்கள். ஸென் 2 முதலான ரைசனிலும் 11ஆம் தலைமுறை முதலான இன்டெல்லிலும் பட்சர்9எக்ஸ் என்ற திருத்தத்தைப் போடாமல் கேவிஎம்மில் ஓட்டவேண்டாம்.

எதுவென்று முடிவாகவில்லையா? டிஸ்க் படத்தை ரோ வடிவில், சரியாக 51,60,96,000 பைட்டில் உருவாக்குங்கள்: 1000 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். 504 எம்பிக்குள் நிற்பதால் இரண்டு பயோஸும் இந்த மூன்று எண்களை மாற்றாது. 86பொக்ஸில் அதே மூன்று எண்களைக் கையால் கொடுத்தால், கியூஎமுவில் நிறுவிய டொஸ் அங்கேயும் பூட் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டிலும் திறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.