சைக்கிளா, எடையா? எலும்பின் பக்கம் நின்று ஓர் ஒப்பீடு

காலையில் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிப்பவருக்கு இதயமும் மூச்சும் தேறும். எலும்புக்குக் கிடைப்பதோ சொற்பம். எலும்பு வலுவாக அதன்மேல் பாரம் விழவேண்டும், சைக்கிளிலோ உடலின் பாரத்தை இருக்கையே சுமந்துவிடுகிறது. போட்டிகளில் ஓட்டும் வீரர்களிலேயே பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவு.

எடை தூக்கினால் தசை எலும்பைப் பிடித்து இழுக்கிறது, அந்த இழுவை எலும்பை வலுவாக்குகிறது. எலும்பை அரிக்கும் கலங்களைத் தூண்டும் மயோஸ்டாட்டின் என்ற தசை ஓமோனும் இப்பயிற்சியால் குறைகிறது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஐரிசின் என்ற இன்னொரு தசை ஓமோன் எலிகளின் எலும்பை வலுப்படுத்தியது. மனிதரில் வழக்கு இன்னும் தீரவில்லை, மாத்திரை விற்பவர்களை நம்பவேண்டாம். சைக்கிள் மிதித்தாலும் தசை ஓமோன் சுரக்கத்தான் செய்கிறது, பாரம்தான் இல்லை.

என் வாக்கு எடைக்கே. ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து, கதிரையிலிருந்து மெல்ல எழுந்து உட்காரலாம். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும்.