டிஸ்டன் டி-8 ரம்பம்: சாமான் அருமை, சொன்ன வயசுதான் கதை

‘1860களில் செய்தது’ என்ற குறிப்போடு இணையத்தில் விற்பனைக்கு வந்த, டிஸ்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய டி-8 ரகக் கைரம்பத்தை வாங்கினேன். 26 அங்குல நீளம். பிடிக்குக் கீழே தகட்டில் 5½ என்று அடித்திருக்கிறது, அதாவது அங்குலத்துக்கு ஐந்தரை பல்முனை. மரத்தை நாரோட்டமாக அறுப்பதற்கென்றே செய்தது. இன்னொரு கையாலும் சேர்த்துப் பிடிக்க, கைப்பிடியில் கட்டைவிரல் நுழையும் துளை தனியாக உண்டு. ஆப்பிள் மரப் பிடி கையில் அப்படியே உட்காருகிறது. பல்லை அரத்தால் தீட்டியதும் கனமான பலகையில்கூட இழுபறி இல்லாமல் இறங்கியது. அறுப்பதில் குறையே இல்லை.

வயசுக்கு வருவோம். முதுகு உள்வளைந்த டி-8 சந்தைக்கு வந்ததே 1874-ல்தான். 1860 எப்படி வரும்? பிடியிலுள்ள பித்தளை வில்லையில் பொறித்த கம்பெனிப் பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஹென்றி டிஸ்டன் தன் மகனைக் கூட்டாளியாக்கிய பிறகு, 1865 முதல் 1871 வரை ‘டிஸ்டன் அண்ட் சன்’. அதன் பிறகு ‘சன்ஸ்’. ஏறக்குறைய 1917-லிருந்து பிள்ளைகள் காணாமல் போய், ‘டிஸ்டன் யு.எஸ்.ஏ.’ என்று மாறியது. என்னுடையதில் இருப்பது இந்தக் கடைசி வகை.

தகட்டில் அமிலத்தால் பொறித்த எழுத்து துருவுக்குள் புதைந்திருந்தது. கம்பித் தூரிகை போட்டால் அதுவும் போய்விடும். அதனால் தட்டையான மரக்கட்டையில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றி, எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்தேன். மேல்தகடு வெளுக்க வெளுக்க, பள்ளத்தில் கறுப்பாக ‘டி-8’ எழுந்தது. நடுவிலுள்ள அந்தச் சின்னக் கோடுதான் முக்கியம், 1928-க்குப் பிறகு வந்தவற்றில் அது கிடையாது. ஆக, 1917-க்கும் 1928-க்கும் இடைப்பட்ட சாமான்.

ஒன்று, வில்லை சொல்வது பிடியின் வயசைத்தான். பிடியை யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். தகட்டில் உபரித் துளையோ வேறு பிடியின் துருத் தடமோ இல்லை. அப்புறம், கழுகு படத்தோடு ‘வாரண்டட் சுப்பீரியர்’ என்று மட்டும் போட்ட வில்லையை வைத்து வயசு சொன்னால் நம்பாதீர்கள், அதைப் பல கம்பெனிகளும் போட்டன.

ரம்பத்துக்கு ஐந்துக்கு நாலரை. பல் வரிசை ஒழுங்காக இல்லாததால் அரை குறைத்தேன். விற்றவருக்கு ஒன்று, அதுவும் கட்டி அனுப்பிய நேர்த்திக்காக. ஆதாரத்தோடு எழுதினேன், குறிப்பில் இன்னும் 1860 அப்படியே இருக்கிறது.